கோகுல்நாத்தின் காது

கோகுல்நாத்தைக் கொல்ல வேண்டும் என்றெல்லாம் நான் நினைத்ததில்லை. அவனுக்குக் காது கிடையாது என்பதை நாலு பேர் முன்னால் காட்ட வேண்டும். அந்த நாலு பேரில் ஒருத்தர் அவனிடம் பொருள் வாங்க வந்தவராக இருக்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. ரெண்டு வருஷமாக இதை நினைத்துக்கொண்டுதான் படுத்தேன். நல்ல தூக்கம் வரும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் அவன் கம்பெனி. கிடார் வாசிக்கிறவர்களுக்கான சின்னச் சின்னப் பெட்டிகள் செய்வார்கள். எலக்ட்ரானிக்ஸ் படித்து முடித்ததும் நான் சேர்ந்த முதல் வேலை அது. எங்கள் தாத்தா நெமிலிச்சேரியில் யாருடைய நிலத்திலோ நாற்று நட்டவர். அப்பா உத்தமன் அதே எஸ்டேட்டில் லாரிக்கு லோடு ஏற்றியவர். நான் ஏசி ரூமில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அம்மா தெருவில் ஒருத்தரை விடாமல் சொல்லிவிட்டாள். என்ன வேலை என்று கேட்டவர்களுக்கு, "பாட்டு கேக்கிற வேல" என்றாள். தப்பில்லை, கிட்டத்தட்ட அதுதான்.

காலேஜ் பாண்டில் பேஸ் கிடாருக்கு ஆள் கிடைக்கவில்லை. எல்லாப் பையன்களுக்கும் முன்னால் நின்று லீட் வாசிக்க ஆசை. மிச்சம் கிடந்த தடித்த கம்பிக் கிடாரை என்னிடம் தள்ளினார்கள். அப்படித்தான் கற்றுக்கொண்டேன். வாசிக்கத் தெரிந்த இன்ஜினியர் என்பதால் கோகுல்நாத் என்னை டெஸ்டிங்கில் போட்டான். பேஸுக்கென்று ஒரு கம்ப்ரஸர் செய்துகொண்டிருந்தான்.

கம்ப்ரஸர் என்றால் பிரிட்ஜின் பின்னால் இருப்பது இல்லை. பேஸ் கிடாரில் ஒரு நோட்டை ஓங்கி அடிப்போம், அடுத்ததை லேசாகத் தொடுவோம். ஓங்கி அடித்தது ஸ்பீக்கரைக் கிழிக்கும். லேசாகத் தொட்டது டிரம்ஸ் சத்தத்தில் காணாமல் போகும். இந்தப் பெட்டி நடுவில் உட்கார்ந்து ஓங்கினதை அமுக்கும், ஒடுங்கினதைத் தூக்கும். நல்ல பெட்டி வேலை செய்வதே வெளியே தெரியாது. கெட்ட பெட்டி கல்யாண வீட்டுக்கு வந்த மாமன் மாதிரி, எல்லாத்திலும் தலையைக் காட்டும்.

கோகுல்நாத்தின் பெட்டி மாமன். தடித்த கம்பியை அடித்தால் போதும், அதை அமுக்குகிற சாக்கில் கூட வருகிற மேல் நோட்டையும் சேர்த்துக் குழிக்குள் இறக்கிவிடும். ஆனால் ஸ்விட்சைப் போட்டதும் மொத்தச் சத்தமும் கொஞ்சம் ஏறுகிற மாதிரி வைத்திருந்தான். மனுஷக் காதுக்கு எது கொஞ்சம் சத்தமோ அது நல்லா இருப்பதாகத் தோன்றும். கடைக்காரன் ஸ்விட்சைத் தட்டுவான், வாங்க வந்தவன் தலையாட்டுவான். வியாபாரத்தின் சூட்சுமமே அவ்வளவுதான்.

ஒரு நாள் கம்பெனியில் எட்டு பேரைச் சுற்றி உட்கார வைத்து அந்தப் பெட்டியைக் கேட்கச் சொன்னான். "வார்ம்" என்று முதலில் சொன்னது அவன்தான். பிறகு ஏழு பேருக்கும் வார்மாகவே கேட்டது.

நான் சொன்னேன். "சத்தம் ஏறுறதாலதான் நல்லாருக்குன்னு தோணுது சார். போட்டாலும் போடாட்டியும் ஒரே அளவு வர்ற மாதிரி வெச்சுக் கேளுங்க. தடிச்ச கம்பி வரும்போது எல்லாம் உள்ள முங்கிடுது."

அவன் கோபப்படவில்லை. சிரித்தான். "நீங்க எந்தப் பக்கம் லோகநாயகி? நெமிலிச்சேரியா? அது சாவு மோளம் கேட்டு வளர்ந்த காது. அதுக்கு பேஸ்னா இடிச்சாதான் பேஸ். உங்களைக் குத்தம் சொல்லல. ட்ரெயினிங் அப்படி."

எல்லோரும் சிரித்தார்கள். தினமும் என் டிபன் பாக்ஸில் கைவிட்டுத் தின்ன ரேணுகாவும் சிரித்தாள்.

என் பெரியப்பா சாவுக்கு மோளம் அடித்தவர்தான். அதில் எனக்கு மறைக்க ஒன்றும் இல்லை. ஆனால் கோகுல்நாத்துக்கு அது தெரியாது. ஊர்ப் பெயரை வைத்தே கணக்குப் போட்டுவிட்டான்.

அந்த வாரமே அந்தக் கோளாறைச் சரிசெய்தேன். பெட்டிக்குள் ரெண்டு வழி உண்டு. ஒன்றில் சத்தம் போகும். இன்னொன்று அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்து எவ்வளவு அமுக்கலாம் என்று முடிவு செய்யும். கேட்கிற வழியில் கீழ்ச் சத்தத்தை வடிகட்டுகிற கெப்பாசிட்டர் ஒன்றைச் சரியான மதிப்பில் போட்டால், தடித்த கம்பியைக் கண்டு பெட்டி பயந்து எல்லாத்தையும் அமுக்காது. போர்டில் அதைச் செருகி, நாலு கம்பிக் கிடாரில் வாசித்துப் பார்த்தேன். அடுத்து ஐந்து கம்பிக் கிடாரில் பார்த்து மதிப்பை மாற்ற வேண்டும் என்று மேசை மேல் வைத்தேன். மறுநாள் காலையில் என்னை அந்த ரூமிலிருந்தே தூக்கிவிட்டார்கள். பேக்கிங்குக்கு முன்னால் ஸ்விட்ச் ஆன் ஆகிறதா, லைட் எரிகிறதா என்று பார்க்கிற வேலை. ஒரு மாசம் லைட் எரிகிறதைப் பார்த்தேன். பிறகு எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது எஸ்டேட்டிலேயே இன்னொரு கம்பெனியில் வண்டி ஹாரன் டெஸ்டிங். சனி, ஞாயிறு மெல்லிசைக் குழுவில் பேஸ். ஆடி மாசம் பிறந்தால் ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் ஒரு அம்மன் கோயில் விடாமல் கூழ் ஊற்றுவார்கள், கச்சேரி வைப்பார்கள். பாதி மேடைக்கு சவுண்டு கன்னியப்பன் அண்ணனுடையது. பூந்தமல்லி டிரங்க் ரோட்டுக்குப் பின்னால் அவர் குடோன். அவர் யாரைச் சொல்கிறாரோ அந்தக் குழுவுக்குத்தான் மேடை.

போன ஆடியில் அவருக்கு வரிசையாக ஸ்பீக்கர் காயில், உள்ளே இருக்கிற கம்பிச்சுருள், எரிந்தது. ஒவ்வொரு குழுவில் வருகிற பேஸ்காரனும் ஒவ்வொரு மாதிரி அடிக்கிறான், யாரைக் கட்டுப்படுத்த முடியும். அதனால் எல்லா மேடை செட்டுக்கும் ஒரு கம்ப்ரஸரை நிரந்தரமாகப் போட்டுவிடலாம் என்று முடிவுசெய்தார். ஆனி நடுவில் எனக்கு போன் வந்தது.

"லோகு, ஒரு பொட்டி வந்துகீது. நம்ம அம்பத்தூர் கம்பெனியே பண்றானாம். வெல கம்மியா சொல்றான். நீ கேட்டுப் பாத்து ஓகேன்னா மொத்த செட்டுக்கும் எடுத்துடலாம். நீ வேணாம்னா வேணாம்."

குடோனுக்குப் போனேன். அட்டைப்பெட்டியைத் திறந்ததும் மேலே அந்தக் கம்பெனியின் பெயர். கீழே சின்னதாக, 'கோகுல்நாத்தின் காதால் உருவானது'.

"இன்னாமா, பொட்டிய பாத்து சிரிக்கிற?" என்றார் கன்னியப்பன்.

"ஒண்ணுமில்லண்ணே. நல்லா கேட்டுச் சொல்றேன்."

வீட்டுக்குக் கொண்டுபோனேன். சும்மா திட்டி எழுதிவிட்டால் எனக்கு ஆறாது. ஒவ்வொரு குறையையும் பிடித்து, அளந்து, அவன் வாயாலேயே ஒத்துக்கொள்ள வைக்க வேண்டும். முதலில் சத்தத்தைச் சமப்படுத்தினேன். பெட்டி வழியாக வருகிறதும் நேராக வருகிறதும் மீட்டரில் ஒரே அளவு. பழைய திருட்டு அப்படியே இருந்தது, குமிழை நடுவில் வைத்தால் சத்தம் ஏறித்தான் வந்தது. சரி, மாட்டினான் என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டு வாசித்தேன்.

பெட்டி நன்றாக இருந்தது.

மறுபடி வாசித்தேன். தடித்த கம்பியும் மேல் நோட்டும் சேர்த்து அடித்தேன். மேல் நோட்டு முங்கவில்லை. விரலால் தொட்டது, கட்டை விரலால் குத்தினது, எல்லாம் அதனதன் இடத்தில் நின்றது. மூச்சு விடுகிற மாதிரி பொங்கி அடங்குகிற அசிங்கமும் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, எரிச்சலில். இவனுக்குக் காது வந்துவிட்டதா? ரெண்டு வருஷத்தில் முளைத்ததா?

"இன்னாடி, அந்தப் பொட்டி உன்ன இன்னா பண்ணுச்சு?" என்று அம்மா எட்டிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் ஸ்குரூ டிரைவரை எடுத்துப் பெட்டியைத் திறந்தேன்.

கேட்கிற வழியில் ரெண்டு கெப்பாசிட்டர் ஒன்றின் வாலில் ஒன்றாக நின்றன.

அப்படி ரெண்டு போட யாருக்கும் அவசியமில்லை. ஒரே மதிப்பில் ரெண்டை வரிசையாகப் போட்டால் பாதி மதிப்பு கிடைக்கும். அந்தப் பாதி மதிப்பிலேயே ஒன்று வாங்கிப் போட்டால் முடிந்தது. ஆனால் அன்றைக்கு ஸ்டோர்ஸில் அந்த மதிப்பு தீர்ந்திருந்தது. இருந்ததில் ரெண்டைச் சேர்த்து ஒப்பேற்றினேன். நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று ஒப்பேற்றினேன். அந்த நாளைதான் எனக்குக் கிடைக்கவில்லை. என் போர்டை எடுத்து, ஏன் ரெண்டு என்றுகூடக் கேட்காமல், அப்படியே ஆயிரக்கணக்கில் அச்சடித்திருக்கிறான். சாவு மோளக் காது வேண்டாம், அது கேட்டுச் செய்தது மட்டும் வேண்டும்.

பிறகுதான் சிரிப்பு வந்தது. அது நான் முடிக்காத வேலை. நாலு கம்பிக் கிடாருக்குச் சரியாக இருக்கும். ஐந்தாவது கம்பி, எல்லாத்துக்கும் கீழே இருக்கிற தடியன், அவன் சத்தத்தை அந்தப் பாதி மதிப்புக் கெப்பாசிட்டர் கேட்கவே கேட்காது. கேட்காததைப் பெட்டி அமுக்காது. ஹெட்போனிலும் கடையில் வைக்கிற சின்ன ஸ்பீக்கரிலும் இது தெரியாது, அவ்வளவு கீழ்ச் சத்தத்தை அவை காட்டாது. திருவிழா மேடையில் ஆள் உயரத்துக்கு அடுக்குகிற ஸ்பீக்கரில் தெரியும். மெல்லிசையில் இன்றைக்கு எல்லோரிடமும் ஐந்து கம்பிதான்.

மறுநாள் வேலை முடிந்ததும் கிடாரை முதுகில் மாட்டிக்கொண்டு அவுட்டர் ரிங் ரோட்டில் ஸ்கூட்டியை விரட்டினேன். குடோனில் விக்ரம் இருந்தான், கன்னியப்பனின் ஆபரேட்டர். பெரிய ஸ்பீக்கரை அடுக்கச் சொன்னேன். நாலாவது கம்பி வரைக்கும் ஒழுங்காக வந்தது. ஐந்தாவதை ஓங்கி அடித்தேன். தகரக் கூரை உதறியது.

விக்ரம் காதிலிருந்து பீடியை எடுத்தான். "அக்கா, மத்ததெல்லாம் நடந்து வருது. இது மட்டும் தண்ணி லாரி மாதிரி வருது."

"காயில் தாங்குமா?"

"ரெண்டு பாட்டு தாங்கும்."

அவ்வளவு போதும், கன்னியப்பனிடம் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். எனக்குப் போதவில்லை. "அண்ணே, அந்தக் கம்பெனிக்காரரை வரச் சொல்லுங்க. அவர் எதிர்லயே சொல்றேன்" என்றேன்.

"எதுக்கும்மா? போன்ல முடிஞ்சிடும்."

"எனக்கு முடியாதுண்ணே."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். வரச் சொன்னார்.

அதற்குள் வீட்டில் ஒரு வேலை செய்தேன். ஒரே வாசிப்பு, ஐந்து கம்பியும் வருகிற மாதிரி. அதைப் பெட்டி வழியாக எட்டு முறை பதிவுசெய்தேன். ஒவ்வொரு முறையும் கெப்பாசிட்டர் மதிப்பை மட்டும் மாற்றினேன். எட்டின் சத்தத்தையும் சமப்படுத்தினேன். எட்டில் ஒன்று சரியானது, அதன் பக்கத்து வீடுகள் சுமார், தூரம் போகப் போக மோசம். மதிப்பு ஏறுகிற வரிசையில் ஒன்று, ரெண்டு என்று நம்பர் மட்டும் போட்டேன். எந்த நம்பர் எந்த மதிப்பு என்பது என் தலைக்குள் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோகுல்நாத் காரில் வந்தான். மெட்ரோ தூண் வேலைக்காகத் தோண்டின மண்ணில் ஷூவைத் தேய்த்துக்கொண்டே உள்ளே வந்தவன் என்னைப் பார்த்து நின்றான்.

"நீங்க எங்ககிட்ட இருந்தீங்க இல்ல? லோகேஸ்வரி?"

"லோகநாயகி சார்."

"யெஸ், யெஸ். இப்ப இங்கயா? குட்." கையில் கொண்டுவந்த சின்ன ஆம்ப்ளிஃபயரை மேசையில் வைத்தான். நாலு கம்பிக் கிடாரை விக்ரமிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னான். காலால் ஸ்விட்சைத் தட்டினான். சத்தம் ஏறியது. கன்னியப்பன் தலையாட்டினார்.

"நல்லாதான் கீது."

"கேட்டீங்களா சார், அந்த வார்ம்த்?"

"ஒரு சந்தேகம்" என்றேன். "உள்ள இருக்கிற ஒவ்வொரு பார்ட்டும் நீங்களே கேட்டு செலக்ட் பண்ணதா?"

"ஒவ்வொண்ணும். அதனாலதான் பெட்டி மேலயே போட்டிருக்கோம்."

திறந்து வைத்திருந்த பெட்டியை அவன் பக்கம் தள்ளினேன். "இந்த ரெண்டும்?"

அவன் குனிந்து பார்த்தான். "அதுதான் மெயினே. ரெண்டு கெப்பாசிட்டர் வழியா போகும்போது பேஸுக்கு ஒரு பட்டு மாதிரி ஃபினிஷ் வருது. ஒண்ணே ஒண்ணு போட்டா அது வராது. நிறைய ட்ரை பண்ணிட்டுத்தான் இதுக்கு வந்தேன்."

அவன் முடிக்கிற வரைக்கும் பொறுமையாக இருந்தேன். அப்படி ஒரு பொறுமை எனக்கு வாய்க்கும் என்று தெரியாது.

"ரெண்டு போட்டா ஒண்ணுல பாதி, அவ்வளவுதான் சார். அந்தப் பாதி அன்னிக்கு உங்க ஸ்டோர்ஸ்ல இல்ல. அதனால ரெண்டு போட்டேன். நான்தான் போட்டேன். என் மேசையில இருந்த போர்டு இது."

கோகுல்நாத்தின் முகம் சிவக்கவில்லை. அவனுக்கெல்லாம் அது பழக்கம் போல. "கம்பெனில டிசைன்ங்கிறது டீம் ஒர்க். யார் கை எதுல பட்டதுன்னு சொல்ல முடியாது" என்றான் கன்னியப்பனைப் பார்த்து.

கன்னியப்பன் கையை உயர்த்தினார். "நைனா, அது உங்க ரெண்டு பேர் சண்ட. ஊட்டுக்குப் போயி போட்டுக்கங்க. எனக்கு காயில் எரியுமா எரியாதா, அத சொல்லு."

நான் விக்ரமைப் பார்த்தேன். அவன் பெட்டியைப் பெரிய ஸ்பீக்கருக்கு மாற்றினான். நான் என் கிடாரை எடுத்து ஐந்தாவது கம்பியை அடித்தேன். மேசை மேலிருந்த டீ கிளாஸ் நகர்ந்து கீழே விழுந்து உடைந்தது. இது நான் திட்டம் போட்டதில்லை. ஆனால் சந்தோஷமாக இருந்தது.

"நிறுத்து, நிறுத்து" என்றார் கன்னியப்பன். "தெரிஞ்சிச்சு."

"இது சின்ன மேட்டர் சார்" என்றான் கோகுல்நாத். "ஒரு வேல்யூ மாத்தணும். நானே கேட்டு டியூன் பண்ணிக் கொடுத்துடறேன். ஆடி முதல் வெள்ளிக்குள்ள."

இதற்காகத்தான் காத்திருந்தேன். லாப்டாப்பைத் திறந்து எட்டு பதிவையும் காட்டினேன். "நீங்களே கேட்டு எடுங்க சார். எட்டுல ஒண்ணு சரி. சத்தம் எல்லாத்துலயும் ஒரே அளவு. கேக்கும்போது நம்பர் தெரியாது, வரிசை ஒவ்வொரு தடவையும் மாறும். மூணு தடவை எடுங்க. மூணு தடவையும் ஒண்ணையே எடுத்தா போதும். நான் வாயத் தொறக்காம போயிடறேன்."

"இதெல்லாம் எதுக்கு?"

"காதாலதானே செய்றீங்க."

கன்னியப்பன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எடு நைனா. இன்னா போச்சு."

அவன் மறுத்திருக்கலாம். அவன் ஆபீசாக இருந்தால் மறுத்திருப்பான். இங்கே பொருள் வாங்குகிறவர் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார். எடுத்தான்.

முதல் தடவை கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். பட்டென்று ஒன்றைக் காட்டினான். ரெண்டாவது தடவை நேரமெடுத்தான். ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவினான், திரும்பி வந்தான். சத்தம் ஏறினால் நல்லது என்று பழகின காது, எல்லாம் ஒரே சத்தத்தில் வந்தால் எங்கே போய்ப் பிடித்துக்கொள்ளும். மூன்றாவது தடவை அவன் நெற்றியில் வேர்வையைப் பார்த்தேன். ஸ்பீக்கரைப் பார்க்கவில்லை அவன், என் முகத்தைப் பார்த்தான். எந்த இடத்தில் என் கண் அசைகிறது என்று பார்த்தான். நான் தகரக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விக்ரம் திரையைப் பார்த்து வாசித்தான். "ரெண்டு. ஏழு. நாலு."

யாரும் சிரிக்கவில்லை. கன்னியப்பன் என்னைப் பார்த்தார். "நீ எடு."

"நான் பண்ணது, எனக்குத் தெரியும்ணே."

"வரிசதான் மாறுதே. திரும்பி உக்காந்து எடு. விக்ரம் மாத்தட்டும்."

எதிர்பார்க்கவில்லை. திரும்பி உட்கார்ந்தேன். தோற்றால் ரெண்டு வருஷமும் போச்சு. கண்ணை மூடினேன். நல்ல பெட்டி வேலை செய்வது தெரியக் கூடாது, அதை மட்டும் தேடினேன். எங்கே பெட்டி இருப்பதே மறந்துபோகிறதோ அங்கே கையைத் தூக்கினேன். மூணு தடவை.

"அஞ்சு. அஞ்சு. ஆறு" என்றான் விக்ரம்.

கோகுல்நாத் உடனே பிடித்துக்கொண்டான். "பாருங்க சார், அவங்களுக்கும் மாறுது."

"தம்பி" என்றார் கன்னியப்பன். "பக்கத்து ஊட்டாண்ட போய் நின்னதுக்கும் பம்பாய் போயி நின்னதுக்கும் வித்தியாசம் கீதா இல்லியா?"

விக்ரம் கீழே குனிந்து கிளாஸ் துண்டுகளைப் பொறுக்கினான். சிரிப்பை மறைக்கத்தான்.

அதோடு முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். கன்னியப்பன் வியாபாரி. எழுந்து என் பக்கத்தில் வந்தார். "சரி லோகு. அந்த அஞ்சு இன்னா மதிப்பு? சொல்லு, போட்டுகினு வரட்டும். வெளியூர் பொட்டி இதுக்கு மூணு பங்கு வெல. இதுவே சரியாச்சுன்னா எனக்கு எதுக்கு வம்பு."

கோகுல்நாத் போனைக் கையில் எடுத்துவிட்டான், குறித்துக்கொள்ள.

"சொல்ல மாட்டேன்ணே."

"இன்னா?"

"அவருக்குச் சொல்ல மாட்டேன்."

"கோவம் வேற, தொழில் வேற."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதாண்ணே."

அவர் குரல் மாறியது. "ஒரு அம்மன் கோயில் மேடையில காயில் எரிஞ்சா ஊர்ல என்னத்தான் கேப்பாங்க, உன்ன இல்ல. பத்து நாள்ல ஆடி. நான் கேட்டு நீ இல்லன்றியா?"

"வெளியூர்ப் பெட்டி வாங்குங்க. நானே கூட இருந்து செட் பண்ணித் தரேன்."

"அதுக்குக் காசு உங்கப்பன் தருவானா?" கேட்டுவிட்டு அவரே கொஞ்சம் சங்கடப்பட்டார். அவர் கோகுல்நாத்தின் பெட்டியை அட்டைக்குள் வைத்து மூடினார். "எடுத்துகினு போ தம்பி. முடிக்காத பொட்டிய எனக்கு விக்காத." பிறகு என்னிடம், "இந்த ஆடிக்கு உன்ன மேடையில ஏத்த மாட்டேன். உன் குழுவ வேற பேஸ்காரன பாத்துக்க சொல்லு. நான் கேட்டு இல்லன்னு சொன்ன ஆளு எனக்கு வேணாம்."

"சரிண்ணே" என்றேன். வலித்தது. ஆடி முழுக்கப் போச்சு. வருஷத்தில் அந்த ஒரு மாசம்தான் நான் ஹாரன்காரி இல்லை.

வெளியே ஸ்கூட்டியில் கிடாரைக் கட்டிக்கொண்டிருந்தபோது கோகுல்நாத் பின்னாலேயே வந்தான்.

"லோகநாயகி, ஒரு நிமிஷம். ஒண்ணை எடுத்துட்டா சரியாயிடுமா?"

"எடுத்துப் பாருங்க. கேட்டுச் சொல்லுங்க."

அவன் அதை விழுங்கினான். "ஓகே. லுக், உங்க பேரைப் பெட்டியிலயே போடறேன். பின் பேனல்ல இல்ல, முன்னாடியே. டிசைன் பை லோகநாயகி. கன்சல்டன்ட்டா வாங்க. நான் சீரியஸா சொல்றேன்."

சும்மா சொல்லக் கூடாது, ஒரு வினாடி அந்த எழுத்து கண்ணுக்குத் தெரிந்தது. அம்மா அதைத் தெரு முழுக்கக் காட்டுவாள்.

"அன்னிக்கு எட்டு பேர் முன்னாடி என்னை என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

அவன் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான், நெற்றி சுருங்கியது. நடிப்பு என்றால் எனக்குத் தெரிந்திருக்கும்.

"டிசைனைப் பத்தியா? டெஸ்டிங்கை விட்டு எடுத்ததா?"

கிடாரின் கட்டை இன்னொரு சுற்று இறுக்கினேன்.

"எதுவா இருந்தாலும் சாரி. ஹர்ட் பண்ணணும்னு சொல்லியிருக்க மாட்டேன். என்ன சொன்னேன், சொல்லுங்களேன்."

ரெண்டு வருஷம் ஒவ்வொரு ராத்திரியும் நான் எடுத்துத் துடைத்து வைத்த வார்த்தை. அவனிடம் அது இல்லவே இல்லை. சொல்லியிருந்தால், அந்த நிமிஷமே இன்னொரு சாரி வந்திருக்கும், இன்னும் கொஞ்சம் நீளமாக, நல்லா இருக்கும்படியாக. முகம் வாடியிருக்கும். கையைக் கூப்பினாலும் கூப்பியிருப்பான். அப்புறம் நான் மதிப்பைச் சொல்ல வேண்டியிருக்கும். மன்னிப்புக் கேட்டவனுக்குச் சொல்லாமல் போக எனக்குக்கூடத் தெம்பு இருந்திருக்காது.

"ஒண்ணும் சொல்லல சார்" என்றேன்.

"இல்ல, ஏதோ சொல்லியிருக்கேன்."

"யோசிச்சுப் பாருங்க."

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன். டிரங்க் ரோட்டில் ஏறுவதற்கு முன்னால் திரும்பிப் பார்த்தேன். கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, பெட்டியை மடியில் பிரித்துப் போட்டு, அந்த ரெண்டு கெப்பாசிட்டரையும் விரலால் தடவிக்கொண்டிருந்தான். மதிப்பைத் தேடுகிறானா, வார்த்தையைத் தேடுகிறானா தெரியவில்லை. எதுவானாலும் தேடட்டும். பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்தான். எங்கள் கம்பெனி ஹாரன்தான், கேட்டதும் தெரிந்தது. வழிவிட்டு, நெமிலிச்சேரி பக்கம் வண்டியைத் திருப்பினேன்.